டோக்கன் போட்டு எடுத்த குரல்

போன வாரம் நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜெர்மன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு வாக்கியத்தைக் காட்டி, இது சரியா என்று என்னிடம் கேட்டாய். நான் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். நீ ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாய்.

"அப்பா, ஜெர்மன் பேசறப்ப மட்டும் நீ வேற யாரோ மாதிரி பேசற."

உன் தம்பி உள்ளேயிருந்து, "ஆமாக்கா, எனக்கு அது சின்ன வயசுலேந்தே பயம்" என்றான். உங்கள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் நான் இதுவரை சொன்னதில்லை. வாயால் சொன்னால் எங்கேயாவது நின்றுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். எனக்குப் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான் படிப்பு. முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது 1991. நான் வேலை பார்த்த கம்பெனி ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி பக்கம் போகிற ரோட்டில் இருந்தது. கியர் செய்கிற கம்பெனி. பின்பக்கச் சுவரை ஒட்டி ஏரி. அந்த வருஷம் மே மாசம் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் வரைக்கும் வெயில் இருக்கும்போதே ரோடு வெறிச்சென்று இருக்கும். பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். நான் சொல்லப்போவதெல்லாம் பட்டப்பகலில்தான் நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய கிரைண்டிங் மெஷின் வந்தது. அங்கே இரண்டு நாடும் ஒன்றானபோது கிழக்குப் பக்கத்தில் நிறைய பாக்டரிகள் மூடிப்போயின. அப்படி மூடின ஒன்றிலிருந்து எங்கள் முதலாளி வாங்கினார். மரப்பெட்டியைப் பிரித்தபோது, மெஷின் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் நீல நிற வேலைக்கோட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. போட்டிருந்தவர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிற மாதிரி இருந்தது. முழங்கை இடத்தில் அவருடைய மடிப்பு இன்னும் அப்படியே நின்றது.

பெட்டி பிரித்தவர்களில் ஒருவன், "இன்னாபா, ஆளையும் சேத்து பார்சல் பண்ட்டானுங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். கோட்டை யாரும் தொடவில்லை. மறுநாள் அது அங்கே இல்லை. யார் எடுத்தார்கள் என்று கேட்டதற்கு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த மெஷினுக்கு ஜோடியாக இன்னொன்று அங்கே வேறு ஒரு பாக்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிருந்து ஒரு ஆள் போய் ஆறு மாசம் அதைப் பழகி வரவேண்டும். அந்த ஊரில் இங்கிலீஷ் செல்லாது. ஆகவே மெட்ராஸில் நடக்கும் ஜெர்மன் பரீட்சையில் நடுநிலைக்கு மேல்படி பாஸ் ஆனவனைத்தான் அனுப்புவோம் என்றார்கள். நீ இப்போது பி-டூ என்கிறாயே, அதுதான். போய்வருகிறவன் பர்மனென்ட். மற்றவனுக்கு, அந்த மெஷின் ஓட ஆரம்பித்த அன்றைக்குக் கணக்கு முடிந்தது. நான் அப்போது டெம்பரரி. படப்பையில் வாடகை வீடு. உங்கள் அம்மா வயிற்றில் நீ இருந்தாய். எனக்கு அந்தப் பரீட்சை எவ்வளவு முக்கியம் என்று இதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

ஆனால் அந்த இடம் முதலில் எனக்கு உரியது இல்லை.

ஜெர்மன் மெஷின் வாங்கும் யோசனையில் இரண்டு வருஷம் முன்பே கம்பெனி ஐந்து பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸுக்கு ஜெர்மன் படிக்க அனுப்பியது. மூன்று பேர் முதல் படியிலேயே கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது இரண்டு பேர். நானும் இன்னொருவரும். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சேரப்பணஞ்சேரிக்காரர். அவர்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், ஞாயிறு தோறும் வேதம் வாசிப்பவர் அவர்தான். நல்ல கனமான குரல். அவர் டீ கேட்டால்கூட ஏதோ அறிவிப்பு மாதிரி இருக்கும். படிப்பில் என்னைவிட ஒரு படி முன்னால் போய்க்கொண்டிருந்தார். பரீட்சை எழுதி அவர் போவார், நான் அவருக்கு அடுத்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பிறகு அவருக்குத் தொண்டை கட்டியது. கட்டினது விடவே இல்லை. ஈஸ்டருக்கு முன்னால் மெட்ராஸில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். மூச்சு விடும்போது துணி லேசாகத் தூக்கும், அமரும். கம்பெனி அவரை வெளியே அனுப்பவில்லை. டூல் ஸ்டோர் ஜன்னலில் உட்காரவைத்தது.

டூல் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் தருவார்கள். ஒரு சாமான் வேண்டுமென்றால் ஜன்னலில் டோக்கனைக் கொடுக்கவேண்டும். சாமான் இருந்த கொக்கியில் டோக்கனை மாட்டிவிட்டு சாமானை எடுத்துக் கொடுப்பார்கள். திருப்பிக் கொண்டுவந்தால்தான் டோக்கன் திரும்பக் கிடைக்கும். அந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. அதனால்தான் அவருக்குக் கொடுத்தார்கள்.

ஸ்டோருக்கு நேர் எதிரே, நடைக்கு அந்தப் பக்கம், கண்ணாடி வைத்த ஒரு சின்ன ரூம். டிரெயினிங் ரூம் என்று பெயர். அதில் ஜெர்மன் பயிற்சிக் கேசட்டுகளும் ஒரு டேப் ரெக்கார்டரும் இருந்தன. அது சாதாரண டேப் இல்லை. கேசட்டில் ஒரு பெண்மணி கேள்வி கேட்பாள். பிறகு, "யெட்ஸ்ட் ஸிண்ட் ஸீ த்ரான்" என்பாள். இப்போது உங்கள் முறை என்று அர்த்தம். ஒரு மணி அடிக்கும். அதற்குப் பிறகு டேப் சும்மா ஓடும். அந்த இடைவெளியில் நாம் பதில் சொன்னால் அது பதிவாகும். திரும்பப் போட்டுக் கேட்டு நம் தப்பை நாமே திருத்திக்கொள்ளலாம்.

முதல் ஷிப்ட் முடிந்து ஒரு நாள் மேல்படிக் கேசட்டை எடுத்துப் போட்டேன். பெண்மணி கேட்டாள். இப்போது உங்கள் முறை என்றாள். மணி அடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர் பழகின கேசட் அது. எல்லா இடைவெளியிலும் அவருடைய பதில் இருந்தது. நிதானமாக, வேதம் வாசிக்கிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்டோர் ஜன்னலில், அவர் வாயை மூடிக்கொண்டு யாருக்கோ ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஹெட்போன் வழியாக என் காதுக்குள் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் பதிலை அழித்து என் பதிலைப் பதிவு செய்யலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதில் வேறு எதுவும் பதிவாகாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு அவர் எல்லாக் கேசட்டிலும் உடைத்துவைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஓட்டைமேல் பேப்பர் ஒட்டினால் மறுபடியும் பதிவாகும், எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ஒரு நாள் ஒட்டியும் விட்டேன். சிவப்புப் பட்டன்மேல் விரலை வைத்துவிட்டு ஏனோ நிமிர்ந்தேன். ஜன்னலிலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சாமான் வாங்க வந்தவன் டோக்கனை நீட்டுவதற்காகக் காத்திருக்கிற மாதிரி பார்த்தார். நான் பேப்பரைப் பிய்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்தே படித்தேன். வேறு வழியும் இல்லை. கீழ்ப்படிகளில் உன் பெயர் என்ன, கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்பார்கள். சொல்லிவிடலாம். மேல்படியில் அப்படி இல்லை என்று உனக்கே தெரியும். மெஷின் வந்தால் மனுஷனுக்கு நல்லதா கெட்டதா, உன் கருத்து என்ன என்பார்கள். என்னிடம் அதுவரை யாரும் கருத்து கேட்டதில்லை, தமிழில்கூட. எனக்குக் கருத்து வராது. அவருக்கு வந்தது. ஒரு பக்கம் பார்த்தால் இப்படி, இன்னொரு பக்கம் பார்த்தால் அப்படி என்று அழகாக நிறுத்திச் சொல்லுவார். அவர் சொல்வதையே நானும் கூடச் சொன்னேன். அவர் இழுக்கிற இடத்தில் இழுத்தேன். அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

"ஒரு பக்கம் பாத்தா ரசம் நல்லாகீது. இன்னொரு பக்கம் பாத்தா உப்பு கம்மி" என்றேன் ஒரு நாள்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் அதான் ரசம். துன்னுட்டு எய்ந்திரிங்க" என்றாள் உங்கள் அம்மா.

அப்படிச் சிரித்தவள்தான், நான் டேப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட அன்றைக்குப் பயந்துபோனாள். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் பேசிக் கேட்டிருக்கிறாள். பாஷை புரியாவிட்டாலும் குரல் புரிந்துவிட்டது.

"ஏங்க, இது அந்த அண்ணாத்த கொரலு இல்ல?"

"ஆமா. படிக்கறதுக்கு."

"ஆளு உசுரோட கீறாரு, கொரலு மட்டும் செத்துப்போச்சு. அத்த எடுத்தாந்து வூட்ல வச்சினுகீறீங்களே. வவுத்துல புள்ள கீது, கேக்காதா?"

"புள்ளைக்கு ஜெர்மன் இன்னா தெரியும்?"

"உங்களுக்கும்தான் தெரியாம இருந்துச்சு. இப்ப பேசல?"

மறுநாள் குன்றத்தூர் மலைக்குப் போய் விபூதி வாங்கிவந்து கேசட் பெட்டி முழுக்கப் பூசிவிட்டாள். விபூதி டேப்புக்குள் போய், அதற்குப் பிறகு பெண்மணி கேள்வி கேட்கும்போதெல்லாம் கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. அவர் பதில் சொல்லும்போது மட்டும் அந்தச் சத்தம் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. டேப்பைத் திரும்பக் கம்பெனியிலேயே வைத்துவிட்டேன்.

பரீட்சை நெருங்கின சமயம், ஒரு மத்தியானம் டிரெயினிங் ரூம் கதவைத் திறந்துகொண்டு அவரே உள்ளே வந்தார். எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் டேப்பை ஓடவிட்டார். பெண்மணி கேட்ட கேள்வி இது: உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள், ஏன்?

இப்போது உங்கள் முறை என்றாள். மணி அடித்தது.

டேப்பில் அவர் குரல் வந்தது. எதிரே அவர் உதடும் அசைந்தது. சத்தம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், ஆனால் துளி விலகாமல் சேர்ந்தே போயின. என் வீடு ஏரி ஓரம் இருக்கிறது என்று சொன்னார். மழையில் கதவு ஊதிப்போய்விட்டது, மூடாது என்றார். ஒரு பக்கம் பார்த்தால் கதவை மாற்றவேண்டும். இன்னொரு பக்கம், கதவு மூடிவிட்டால் சாயங்காலம் நான் வெளியே உட்கார்ந்து இந்த ஜெர்மன் பாடங்களை வாசிப்பது உள்ளே படுத்திருக்கிற என் மகளுக்குக் கேட்காது. ஆகவே மாற்றமாட்டேன் என்று முடித்தார்.

டேப்பைத் திருப்பி, அதே கேள்வியை மறுபடியும் ஓடவிட்டார். மணி அடித்ததும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் அவர் பதிலைச் சொன்னேன். அவர் உதடு என் பேச்சோடு அசைந்தது. முதலில் என் வாயைப் பார்த்து அவர் அசைக்கிறார் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் கவனித்தேன், அவர் உதடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் எழுந்து, என் சட்டைக் காலரை ஒரு தடவை சரிசெய்துவிட்டு, ஜன்னலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பரீட்சை அன்றைக்குப் பாதி வழி பஸ், அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில். கிளம்பும்போது உங்கள் அம்மா, "அவரு மாதிரி பேசாதீங்க. உங்கள மாதிரி பேசுங்க" என்றாள். சரி என்றேன். என்னை மாதிரி ஜெர்மன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

காலையில் எழுத்து. ஏதோ எழுதினேன். மத்தியானம் வாய்ப் பரீட்சை. ஒரு மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் ஜெர்மன்காரர். இன்னொருவர் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் எடுக்கிற மேடம், தமிழ்க்காரர்தான். அண்ணனும் அவரிடம்தான் பாடம் படித்தார், அண்ணனுக்கு ஆபரேஷன் ஆனதும் மேடத்துக்குத் தெரியும். ஜெர்மன்காரர் பேப்பரைப் பார்த்துக் கேட்டார்: உங்கள் வீட்டில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

நான் படப்பை வாடகை வீட்டைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். குழாய்த் தண்ணீர் வராததைச் சொல்லலாம், கூரையைச் சொல்லலாம். ஆனால் வாய் ஏரி ஓரத்து வீட்டைச் சொன்னது. ஊதின கதவைச் சொன்னது. மகள் உள்ளே படுத்துக் கேட்பதைச் சொன்னது. எனக்கே என் குரல் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. மேடம் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார்.

அழகாக இருக்கிறது, உங்கள் மகள் இன்னும் கேட்கிறாளா என்று ஜெர்மன்காரர் கேட்டார். அது கேசட்டில் இல்லாத கேள்வி.

நான் சொன்னேன். ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு அவள் என் குரலைக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் அவளே உள்பக்கமாகக் கயிறு போட்டுக் கதவை இழுத்துக் கட்டிவிடுகிறாள்."

ஜெர்மன்காரர் எதையோ கேட்க வந்து, கேட்காமல், நன்றி என்றார்.

வெளியே வராந்தாவில் மேடம் என் பின்னாலேயே வந்தார்.

"நீங்க சொன்னது அந்தக் கேசட்ல இருக்கா?"

"மொதல் பாதி இருக்குங்க மேடம்."

"ரெண்டாவது பாதி?"

நான் சட்டைப் பையில் ரயில் டிக்கெட்டைத் தேடினேன்.

"அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"அவரால பேச முடியாதே மேடம்."

"எழுதிக் காட்டினாரா?"

"இல்லீங்க."

மேடம் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்தப் படியில நாங்க எதிர்பார்க்கறது இதுதான். படிச்சதை ஒப்பிக்காம அடுத்த வரி தானா வரணும். எல்லாருக்கும் வந்துடாது" என்றார். பாராட்டுகிற குரலில் சொல்லவில்லை. "ஜாக்கிரதையா போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாஸ் என்று வந்தது. எழுத்தில் தட்டுத் தடுமாறி, பேச்சில் முதல் வரிசையில். கம்பெனியில் டீ நேரத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா ஜெர்மன்காரரே, அங்க போய் எங்கள மறந்துராத. டீக்கு அவுங்க ஊர்ல இன்னா பேரு?" "டேதான்." "அட, இதுக்கா ரெண்டு வருசம் படிச்ச?" அந்தச் சிரிப்போடு சிரிப்பாகவே நான் டூல் ஸ்டோர் ஜன்னலுக்குப் போனேன்.

அண்ணே, பாஸாயிட்டேன் என்றேன். தலையாட்டினார். பரீட்சையில் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். கயிறு வரைக்கும் சொன்னேன். கழுத்துத் துணி தூக்கினது தூக்கினபடியே ஒரு நொடி நின்றது. பிறகு அமர்ந்தது. அவர் என்னை நோக்கி உள்ளங்கையை நீட்டினார்.

என்ன கேட்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் சாமான் எதுவும் கேட்கவில்லையே. அவர் கையை எடுக்கவில்லை. கடைசியில் பாக்கெட்டிலிருந்து என் டோக்கனை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி, பலகையில் ஒரு கோடியில் காலியாக இருந்த கொக்கியில் அதை மாட்டினார். அந்தக் கொக்கிக்குக் கீழே எந்தச் சாமானின் பெயரும் எழுதியிருக்கவில்லை. பிறகு போகலாம் என்று கையைக் காட்டினார்.

நீ பிறந்த பிறகு, அடுத்த வருஷம் ஆரம்பத்தில் நான் ஜெர்மனிக்குப் போனேன். அந்த ஆறு மாசத்தைப் பற்றி உங்களுக்கு நிறையக் கதை சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று. கேன்டீனில் சாப்பாடு போடுகிற ஒரு அம்மாள், நான் உருளைக்கிழங்கு கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் பாதிரியாரா என்று கேட்டாள். இல்லை, கிரைண்டிங் ஆபரேட்டர் என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு நான் வரிசையில் வந்தால் தலைத்துண்டைச் சரிசெய்துகொள்வாள்.

திரும்பி வந்ததும் என்னைப் பர்மனென்ட் பண்ணிவிட்டார்கள். புது நம்பர், புது டோக்கன். முதல் வேலையாக டிரெயினிங் ரூமிலிருந்து அந்தக் கேசட்டுகளை எடுத்துப்போய் டூல் ஸ்டோர் ஜன்னலில் வைத்தேன். வாங்கின சாமானைக் கொடுத்துவிட்டோம் என்று எனக்கு நினைப்பு. அவர் கேசட்டைப் பார்த்தார், இது இல்லை என்று தலையசைத்தார். பழைய டோக்கன் அதே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சுட்டுவிரலால் என் தொண்டையைக் காட்டினார். பிறகு ஏரிப் பக்கம் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்தார். கதவு முழுக்க மூடாமல் ஒரு விரல் சந்தோடு நின்றது. அந்தச் சந்தில், உள்பக்கமாக, தேங்காய் நார்க் கயிறு இறுக்கிக் கட்டியிருப்பது தெரிந்தது.

நான் கயிற்றைப் பார்ப்பதை அண்ணி பார்த்துவிட்டார். "பொண்ணு வேலைதான் தம்பி. அவரு ஆஸ்பத்திரிலேந்து வந்ததுலேந்து இப்டித்தான். சாய்ந்தரமானா உள்ள போய்க் கட்டிக்குவா. நான் பின்னாண்ட வழியாத்தான் போய்னு வந்துனு கீறேன்."

அண்ணன் என் முழங்காலைத் தொட்டார். வாயை அசைத்தார். பேசு.

நான் ஜெர்மனில் அந்தப் பதிலைச் சொன்னேன். ஏரி ஓரத்து வீடு. ஊதின கதவு. பக்கத்தில் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பார்த்தால் என்று நான் தொடங்கினபோது கதவுக்குள் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்பதுதான் உண்மை. முடிச்சு அவிழ்ந்து, கதவு தரையைத் தேய்த்துக்கொண்டு திறந்தது. ஏழெட்டு வயதுப் பெண் நின்றாள். என் வாயையும் அவள் அப்பா வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. முழுக்கக் கேட்டாள்.

பிறகு சொன்னாள், "சித்தப்பா, மகள்னு வர எடத்துல மூச்சு வுடணும். அப்பா அங்க மூச்சு வுட்டுட்டுத்தான் சொல்லுவாரு. நீங்க வுடாம போறீங்க."

கேசட்டில் அவ்வளவு தடவை கேட்டும் எனக்கு அது காதில் விழுந்ததில்லை. மறுபடியும் சொன்னேன். அந்த இடம் வந்தது. மூச்சு விட்டேன். அதே நேரத்தில் பக்கத்தில் வெள்ளைத் துணி தூக்கி அமர்ந்தது.

"அவ்ளோதான்" என்றாள் அவள். திரும்பி உள்ளே போனாள். கதவைக் கட்டவில்லை.

திங்கட்கிழமை அவர் பழைய டோக்கனைக் கொக்கியிலிருந்து எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார். எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். நான் எடுக்கவில்லை. பொருள் என்னிடம் இருக்கும்போது டோக்கனை எப்படித் திரும்ப வாங்குவது? "இருக்கட்டும் அண்ணே" என்றேன். அவர் அதைத் திரும்ப மாட்டினார். அவர் இருந்த வரைக்கும் அங்கேதான் தொங்கியது. பிறகு ஸ்டோரை இடித்துக் கட்டினபோது என்ன ஆனதென்று தெரியாது. அந்தப் பெண் இப்போது குன்றத்தூரில் டீச்சராக இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது போன் பண்ணுவாள். தமிழில் நலம் விசாரித்துவிட்டு, "சித்தப்பா, கொஞ்சம் பேசுங்க" என்பாள். பேசுவேன்.

இவ்வளவும் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நேற்று சாயங்காலம் நீ உன் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாய். நான் காபியோடு வெளியே நின்றேன். வீட்டைப் பற்றின கேள்வி. நீ நம் வீட்டு மாடிப்படியைப் பற்றித்தான் சொன்னாய், உன் பதில்தான், உன் குரல்தான். அதில் ஒரு இடத்தில் மகள் என்கிற சொல் வந்தது.

அதற்கு முன்னால் நீ மூச்சு விட்டாய்.

உங்கள் அம்மாவும் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்த மூச்சு விடுகிற இடத்தை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.